மான் ஏன் நடுரோட்டில் நின்றுவிடுகிறது? மலைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நான்கு அறை வாடகைக்கு விடுகிறோம். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் டாக்ஸி ஓட்டினேன். இரவில் வந்து சேரும் விருந்தாளி, பெட்டியை இறக்குவதற்கு முன்பே சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, வளைவு திரும்பினா நடுரோட்டுல ஒரு மான். ஹாரன் அடிச்சும் நகரவே இல்ல.” அதிலிருந்து கிளம்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. வண்டி ஓட்டியபோது பார்த்ததும், கால்நடை மருத்துவர்களிடமும் வனத்துறைக்காரர்களிடமும் கேட்டதும், அப்புறம் தேடிப் படித்ததும்தான் இதில் இருக்கிறது.

வண்டி வெளிச்சத்தைக் கண்டதும் மான் ஏன் ஓடாமல் நிற்கிறது?

இரண்டு காரணம். ஒன்று கண், இன்னொன்று பழக்கம்.

இரவில் கடமானின் கண்மணி அகலமாக விரிந்திருக்கும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலமும் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி, விழித்திரைக்கு இன்னொரு முறை பார்க்க வாய்ப்புக் கொடுக்கிறது. தூரத்தில் இரண்டு பச்சைப் புள்ளியாக மின்னுவது அந்தப் படலம்தான். நட்சத்திர வெளிச்சத்திலேயே வழி கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணில் ஹைபீமைப் பாய்ச்சினால் என்ன ஆகும்? கரண்ட் போன வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் முகத்தில் டார்ச் அடித்த மாதிரிதான். வெள்ளையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மேடு என்றே தெரியாதபோது அது எங்கே ஓடும்?

பழக்கம் என்று சொன்னது அதன் வம்சத்துக்கே உரிய பழக்கம். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அசையாதே என்பது புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாவற்றிடமும் லட்சக்கணக்கான வருடங்களாக வேலை செய்த விதி. வண்டியிடம் மட்டும் அது செல்லாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் நெருங்குகிறது. மான் இரண்டு வினாடி நின்று யோசித்தால் நீங்கள் 34 மீட்டர் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். நம் கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

அப்படி நின்றால் ஓட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும்?

வேகத்தைக் குறையுங்கள், டிம் அடியுங்கள், நில்லுங்கள். அவ்வளவுதான். வெளிச்சம் தாழ்ந்ததும் அதற்குக் கொஞ்சம் கண் தெரியும், அதுவாக விலகும். விடாமல் ஹாரன் அடித்தால் பயம் கூடுமே தவிர வழி கிடைக்காது. மிரண்டு வண்டி மேலேயே பாய்வதும் உண்டு. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப வேண்டாம். மலைச்சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஒன்று கடந்துவிட்டதும் உடனே கிளம்பாதீர்கள். பின்னால் இன்னொன்று வரும். நான் முதல் மானுக்கு நிறுத்தி இரண்டாவது மானை இடித்தவன். வண்டியில் முன்பக்கம் மட்டும்தான் நசுங்கியது. மான் எழுந்து சோலைக்குள் போய்விட்டது, பிழைத்ததா என்று தெரியாது.

கூடலூரிலிருந்து மைசூரு போகும் பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தடையைத் திட்டுகிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நான் திட்டுவதில்லை.

பயத்தில் அதன் மூளை வேலை செய்யாமல் போய்விடுகிறதா?

இல்லை. அந்த நேரத்தில்தான் மூளை முழு வேகத்தில் ஓடுகிறது.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கும், ஆக்சிலரேட்டரும் மிதித்திருக்கும், பாதிக் கிளட்ச்சில் வண்டி உறுமும், ஆனால் ஒரு அங்குலம் நகராது. பிரேக்கை விட்டால் பாய்ந்துவிடும். உறைந்து நிற்கிற விலங்கின் உடம்பும் இந்த நிலையில்தான் இருக்கிறது. மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி ஆபத்தை மணியடித்துச் சொல்கிறது. நடுமூளையில் இருக்கும் இன்னொரு பகுதி தசைகளை இறுக்கி அப்படியே பிடித்து வைக்கிறது. அதே சமயம் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. பயந்தால் நெஞ்சு படபடக்கும் என்றுதானே நினைக்கிறோம்? உறைந்து நிற்கும் நேரத்தில் துடிப்பு குறைகிறது. மூச்சு மேலோட்டமாகிறது. காது மட்டும் திரும்பிக்கொண்டிருக்கும், மூக்கு விரியும். தகவல் சேகரிக்கிற வேலை நடக்கிறது. அது முடிந்ததும் பிரேக் விடுபட்டு, ஒரே தாவலில் காணாமல் போகும்.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் ‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்ற கருத்தைச் சொன்னார். அதுதான் எல்லாருக்கும் தெரியும். உறைந்து நிற்பது என்ற இந்த மூன்றாவது விஷயம் பாடப்புத்தகங்களில் சேருவதற்கு ரொம்ப காலம் ஆனது.

ஆடாமல் நின்றால் புலிக்குக் கண் தெரியாதா?

தெரியும். ஆனால் வேட்டை விலங்கின் கண் முதலில் பிடிப்பது அசைவைத்தான். நம் கண்ணும் அப்படித்தான். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள புல்மேட்டில் சாயங்காலம் காட்டு முயல் வரும். நான் விரல் நீட்டிக் காட்டினாலும் விருந்தாளிகளுக்குத் தெரியாது. அது காதை ஒருமுறை ஆட்டினால் போதும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ‘அதோ!’ என்பார்கள்.

பக்கிக் குருவி இந்த வித்தையில் கெட்டிக்காரப் பறவை. பகலில் சருகோடு சருகாகக் காலடியில் கிடந்தாலும் மிதிக்கப் போகும்வரை எழாது. இரவில் ரோட்டில் உட்காரும் பழக்கமும் இருக்கிறது. சருகின் மேல் காப்பாற்றிய அதே நம்பிக்கை தார் மேல் காப்பாற்றுவதில்லை. காலையில் முதல் சவாரி போகும்போது இறகைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எல்லா விலங்கும் ஏன் நிற்பதில்லை?

அதனதன் உடம்பும் இடமும்தான் காரணம். வரையாட்டுக்குச் செங்குத்துப் பாறையே கோட்டை. முக்குருத்தியில் பார்த்தால் தெரியும், சீழ்க்கை மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டு யாரும் தொடர முடியாத பாறை விளிம்புக்குப் போய்விடும். திறந்த புல்வெளியில் அதற்கு ஒளிந்துகொள்வதால் பயனில்லை. சருகுமானோ முயல் அளவுதான், ஓட்டத்தில் செந்நாயை ஜெயிக்க முடியாது; அது சருகுக்குள் கல்லாகிவிடும்.

தூரமும் கணக்கு. ஆபத்து தொலைவில் இருந்தால் நின்று பார்ப்பது, நெருங்கினால் ஓடுவது, பிடிபட்டால் உதைப்பது, அதற்கும் வழியில்லையென்றால் துவண்டு கிடப்பது என்று ஒரே விலங்கே படிப்படியாகப் போகும். கடமான் முதலில் சிலையாக நிற்கும். சந்தேகம் உறுதியானதும் முன்னங்காலைத் தரையில் தட்டும், வாலைத் தூக்கும், பிறகு ஹாரன் மாதிரி ஒரு சத்தம். கேளையாடு என்கிற சின்ன மான் நாய் மாதிரிக் குரைக்கும். ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்று வேட்டைக்காரனிடமே சொல்கிற சத்தம் அது. ஒளிந்து வருகிற சிறுத்தைக்கு அதற்கப்புறம் அங்கே வேலை இல்லை.

அழுங்கு என்கிற எறும்புத்தின்னி வேறு ரகம். அது பந்தாகச் சுருண்டுகொள்ளும். செதிலைச் சிறுத்தையாலும் எளிதில் பிரிக்க முடியாது. மனிதன் அப்படியே சாக்கில் போட்டு எடுத்துப் போகிறான்.

ரோட்டில் காட்டெருமை எங்களையே பார்த்து அசையாமல் நின்றது. பயந்துவிட்டதா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பேன்.

இங்கே காட்டெருமை என்கிறோம், கொடைக்கானலில் காட்டுமாடு என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி, அது எருமை இனமே இல்லை. ஆண் மாடு ஒரு டன் வரை இருக்கும். கொடைக்கானல் ஏரிப் பக்கமும் கோத்தகிரி பஜாரிலும் அது நடமாடுவதைப் பார்த்துப் பழகிவிட்டதால், ஊர் மாடு மாதிரி சாது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது நின்று பார்ப்பது மான் நிற்பது போல அல்ல. உங்களை எடை போடுகிறது. தலையைத் தாழ்த்துகிறதா, மூக்கால் சீறுகிறதா, பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் காட்டுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் திரும்புவதை ‘போட்டோவுக்குப் போஸ் கொடுக்கிறது’ என்று ஒருவர் எனக்கு விளக்கினார். ‘நான் எவ்வளவு பெரியவன், பார்த்துக்கொள்’ என்பதுதான் அதன் அர்த்தம். மெதுவாகப் பின்வாங்குங்கள். அதற்கும் பள்ளத்துக்கும் நடுவே நிற்காதீர்கள், அதன் வழியை மறிக்காதீர்கள்.

யானையும் நின்றுவிடும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை வழியாக வந்தவர்களுக்குத் தெரியும். காதாட்டுவதை நிறுத்திவிட்டு, தும்பிக்கை தரையைத் தொட்டபடி நின்றால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தரையின் அதிர்வை யானை காலாலும் உணரும். காதை விரித்து உங்களைப் பார்த்தபடி நின்றால், கேட்டு முடித்தாயிற்று, இனி உங்கள் முறை. அப்போது செல்போனை எடுக்கக் கூடாது.

நாய்க்கும் இது பொருந்தும். குழந்தை கட்டிப்பிடிக்கும்போது வீட்டு நாய் வாயை மூடி, விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய நின்றால் அது கொஞ்சலை ரசிக்கவில்லை. கடிப்பதற்கு முன்னால் அது கொடுக்கும் கடைசி எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

தோட்டத்தில் மான்குட்டி தனியாகச் சுருண்டு கிடக்கிறது. எடுத்துப் பால் கொடுக்கலாமா?

வேண்டாம், தொடாதீர்கள். தாய் விட்டுவிட்டுப் போகவில்லை. பிறந்த சில நாட்களுக்குக் குட்டியால் ஓட முடியாது. அதனால் தாய் அதைப் புதரில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். கூடவே நின்றால் தாயின் வாடையே சிறுத்தைக்கு வழிகாட்டிவிடும். நீங்கள் பக்கத்தில் போனால் குட்டி தலையைத் தரையோடு ஒட்டி, இதயத்துடிப்பு குறைந்து, அசையாமல் கிடக்கும். ‘எவ்வளவு சமத்து, பயப்படவே இல்லை பாரேன்’ என்று தோன்றும். அது பயத்தின் உச்சத்தில் இருக்கிறது. நீங்கள் அங்கேயே நிற்கும்வரை தாய் வராது. பக்கத்தில் நாய் திரிந்தாலோ குட்டிக்குக் காயம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

காப்பாற்றி வைத்திருந்தோம், அமைதியாகத்தான் இருந்தது, மறுநாள் செத்துவிட்டது. ஏன்?

இதற்குப் பதில் எனக்கு அனுபவத்தில் தெரியும். பல வருடங்களுக்கு முன் நாய்கள் துரத்தி ஒரு கேளையாடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நாங்கள் நாலைந்து பேர் நாய்களை விரட்டி, அதைத் தூக்கிக்கொண்டு லைன் வீட்டுக்கு வந்தோம். காயம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து தடவிப் பார்த்தார்கள். ஒருவர் கேரட் நீட்டினார். அது திமிறவில்லை, கத்தவில்லை. ‘நம்மள நம்பிடுச்சுடா’ என்று சொன்னது நான்தான். மறுநாள் எழுந்து நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கியது. மாலைக்குள் செத்துவிட்டது. எங்களில் ஒருவர், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்.

பின்னால் ஒரு கால்நடை மருத்துவர்தான் விளக்கினார். உயிருக்குப் பயந்து ஓடும்போதும், பிடிபட்டுத் திமிறும்போதும், பிடிபட்டபின் பயத்தில் விறைத்துக் கிடக்கும்போதும் தசைகள் தாங்காமல் சிதைய ஆரம்பிக்கின்றன. உடம்பு சூடேறுகிறது, ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. சில மணி நேரத்திலும் போகலாம், சில நாள் கழித்தும் போகலாம். மான் இனங்களுக்கும் முயலுக்கும் இது அதிகம். மருந்து கொடுத்துத் திருப்புவது கஷ்டம்.

அன்றைக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான்: நாய்களை விரட்டியதோடு விலகியிருக்க வேண்டும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணைத் துணியால் மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டு, வனத்துறை வரும்வரை ஒருவர்கூட எட்டிப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். தடவிக் கொடுப்பது நமக்கு ஆறுதல். அதற்கு ஒவ்வொரு கையும் ஒரு வாய்தான்.

கோழியைப் பிடித்துக் கவிழ்த்தால் மயங்கிக் கிடக்கிறதே, அதுவும் இதுதானா?

பக்கத்துச் சொந்தம். நின்று பார்க்கும் உறைதலில் தசை இறுகி, எப்போது வேண்டுமானாலும் பாயத் தயாராக இருக்கும். இது பிடிபட்ட பிறகு வருவது. கோழியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக் கையை எடுத்தால், எழாமல் கிடக்கும். அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் 1646இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். கோழியின் அலகுக்கு முன் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தால் கட்டுண்டு கிடக்கும் என்றார். கோட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை, பிடிதான் காரணம். எதிரே செயற்கைக் கண்களை வைத்தால் கோழி இன்னும் அதிக நேரம் கிடந்தது என்று 1971இல் ஒரு ஆய்வு வந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறான், எழுந்தால் தொலைந்தோம் என்ற கணக்கு.

இதனால் லாபம் உண்டா என்றால், உண்டு. நரி பிடித்த வாத்து துவண்டு கிடந்தால், செத்தது என்று நரி பிடியைத் தளர்த்தும் சமயத்தில் அது பறந்து தப்புவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அனுபவப்பட்ட நரி மட்டும் ஏமாறாது.

கொடைக்கானல் போகிறவர்கள் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, முயல் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டைப் பின்புறத்தில் உட்காரவைத்தாற்போல் சாய்த்துப் பிடித்தால் அது அடங்கிவிடும். வேலை தெரிந்தவர் சீக்கிரம் முடித்து விட்டுவிடுவார். அது பரவாயில்லை. ஆனால் வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் அதை மல்லாக்கப் படுக்கவைத்து ‘தூங்குது பாருங்க’ என்று வீடியோ போடுவது சகிக்கவில்லை. அது தூக்கம் இல்லை.

வீடியோவில் ஆடுகள் பயந்து மயங்கி விழுகின்றனவே?

அவை மயங்குவதே இல்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1880களில் அறியப்பட்ட ஓர் ஆட்டினம் அது. ஒரு மரபணுக் கோளாறால், திடுக்கிட்டு இறுகிய தசை உடனே தளராது. கால் கட்டைபோல் விறைத்து, சில நேரம் அப்படியே சாய்கின்றன. நினைவு முழுதாக இருக்கும். நம் ஊர் ஆட்டை விரட்டி இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கரடி வந்தால் செத்தவன் மாதிரி படுத்துக்கொள்ளலாமா?

இரண்டு நண்பர்கள், ஒரு கரடி, ஒரு மரம் என்று பள்ளியில் படித்த கதையை எல்லாரும் இங்கே கொண்டுவருகிறார்கள். கோத்தகிரிக் கரடிக்கு அந்தக் கதை தெரியாது. அது கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கவும் கடையில் தின்பண்டம் தேடவும் வருகிறது. மற்றபடி கரையானும் பழமும்தான் அதன் சாப்பாடு. மனிதனைத் தின்பதற்காக அல்ல, திடீரென்று எதிரே வந்துவிட்டான் என்ற பயத்தில்தான் தாக்குகிறது. அதனால் தூரத்தில் பார்த்ததுமே படுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. இருட்டியபின் தோட்டத்து வழியே நடந்தால் பேசிக்கொண்டு நடங்கள். பார்த்துவிட்டால் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். மேலே விழுந்துவிட்டால் மட்டும், முகத்தைத் தரைக்குக் கொடுத்துக் குப்புறப் படுத்து, கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொள்ளுங்கள். கரடி முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும்.

ஜன்னல் கண்ணாடியில் மோதிய குருவி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது?

இது பயம் மட்டும் இல்லை, தலையில் அடி. காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம் வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பெரும்பாலும் பறந்துவிடும். பறக்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. கத்தக்கூட வரவில்லை. மனிதருக்கும் இது உண்டா?

உண்டு. ‘கை கால் ஓடவில்லை’, ‘நாக்கு ஒட்டிக்கொண்டது’, ‘பேயறைந்தாற்போல் நின்றான்’ என்று நம் பேச்சிலேயே இருக்கிறது. விபத்திலும், தாக்குதலிலும், பாலியல் வன்முறையிலும் சிக்கிய பலருக்கு உடம்பு பூட்டிக்கொள்கிறது. யோசித்து எடுக்கும் முடிவு இல்லை இது. நடுமூளை எடுத்துக்கொள்கிற பொறுப்பு. ‘ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை’ என்று அவர்களைக் கேட்பது, நடுரோட்டில் நின்ற மானைப் பார்த்து உனக்கு ஏன் சாக ஆசை என்று கேட்பதற்குச் சமம். இந்தக் கேள்வியை எழுதிக் கேட்டவர் ஒரு பெண். அவருக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

இரவில் ஜீப்பில் டார்ச் அடித்து மான் பார்க்க அழைத்துப் போவீர்களா?

மாட்டேன். காட்டுக்குள் இரவு சவாரிக்கு அனுமதி கிடையாது, யார் காசு வாங்கிக்கொண்டு கூப்பிட்டாலும் போகாதீர்கள். எங்கள் வாசலில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஒரு இருபது நிமிடம் பேசாமல் இருந்தால் உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும். எட்டு மணிக்கு மேல் கீழ்ப்பாத்தியில் கடமான் வருவதுண்டு. டீ நான் தருகிறேன். டார்ச்சையும் செல்போனையும் உள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.